தண்டுக்கு ஒரு வண்டு, காய்க்கு ஒரு வண்டு: வாசகர் கேள்வி – பதில்

சேர்வராயன் மலைக் காபித் தோட்டங்களிலிருந்தும் கீழே சேலத்திலிருந்தும் வந்த கடிதங்களில் பல, ஏதோ ஒரு வகையில், தோட்டக்காரர்கள் ‘போரர்’ என்று சொல்லும், காபியைத் துளைக்கும் வண்டுகளைப் பற்றியே இருந்தன. ஆகவே இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ஐயா, நாகலூர் பக்கம் எங்களுக்கு மூன்று ஏக்கர் அராபிகா காபி இருக்கிறது. இடையில் நிழலுக்குச் சில்வர் ஓக் மரமும், அதன் மேல் ஏற்றிய மிளகும் உண்டு. சென்ற ஆண்டு தோட்டம் பார்க்க வந்த என் தாய்மாமா, “நிழலில் கை வைக்காதே, போரர் வந்துவிடும்” என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த ஆண்டு நீலகிரிப் பக்கம் கூடலூரிலிருந்து வந்த என் சம்பந்தி, “இவ்வளவு நிழலை வைத்துக்கொண்டு போரர் வராமல் இருக்குமா, கிளைகளைக் கழித்து விடுங்கள்” என்கிறார். இருவருமே காலமெல்லாம் காபி பார்த்தவர்கள். நான் யார் பேச்சைக் கேட்பது?
— ஒரு வாசகர், நாகலூர்

பதில்: இருவர் சொன்னதும் சரியே. ஆனால் இருவரும் பேசியது ஒரே பூச்சியைப் பற்றி அல்ல. உங்கள் மாமா மனத்தில் வைத்துப் பேசியது வெள்ளைத் தண்டு துளைப்பானை. சம்பந்தி பேசியது காய்த் துளைப்பானை. இரண்டும் வண்டினம், இரண்டும் காபியைக் குடைபவை என்பதைத் தாண்டி அவற்றுக்குள் ஒற்றுமை என்று சொல்ல அதிகம் இல்லை. பல விஷயங்களில் ஒன்றுக்கு ஒன்று நேர் எதிரானவை. ஒன்றுக்குச் சொல்லும் வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்தால் சில வேளைகளில் பயன் இல்லாமல் போகும். சில வேளைகளில் கேடாகவே முடியும்.

முதலில் தண்டு துளைப்பான். அறிவியலில் சைலோட்ரெக்கஸ் குவாட்ரிபெஸ் என்று பெயர் பெற்ற இது, நீண்ட உணர்கொம்புகளைக் கொண்ட வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஒன்றரை சென்டிமீட்டர் அளவுக்கு வளரும் கரிய, ஒல்லியான உடல். அதன் மேல் வெள்ளை அல்லது சாம்பல் வெள்ளைப் பட்டைகள். தண்டின் மேல் விறுவிறுவென்று ஓடும்போது, முதல் பார்வைக்கு யாரும் அதைக் குளவி என்றே நினைப்பார்கள். இது ஆண்டுக்கு இரண்டு பருவங்களில் மட்டுமே வெளியே பறக்கும். ஏப்ரல், மே மாதங்களில் ஒன்று. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை மற்றொன்று. மீதி நாள் எல்லாம் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் மரத்துக்குள்ளேயே கழிகிறது. பறக்கும் நாட்களில் இதற்கு வெயில் வேண்டும். மேகம் மூடிய நாளில் சோர்ந்து கிடக்கும் தாய் வண்டு, வெயில் ஏறிய பிறகு சுறுசுறுப்பாகி, நேராக வெயில் படுகிற தண்டுகளைத் தேடிச் சென்று, வெடித்த பட்டையின் இடுக்குகளில் முட்டைகளைச் செருகுகிறது. ஒரு பெண் வண்டு 50 முதல் 100 முட்டைகள் வரை இடும்.

வெயிலுக்கும் இந்த வண்டுக்கும் உள்ள உறவு இன்று நேற்றுக் கண்டுபிடித்தது அல்ல. 1860களில் குடகு, வயநாடு தோட்டங்களில் இது பெரும் அழிவை உண்டாக்கியபோது, சென்னை அரசாங்கம் ஜார்ஜ் பிடி என்ற மருத்துவரை அனுப்பி ஆராயச் சொன்னது. 1869இல் அச்சான அவருடைய அறிக்கையிலேயே நிழல் மரங்களின் தேவை வற்புறுத்தப்பட்டுள்ளது. காட்டை மொட்டையடித்து வெட்டவெளியில் காபி நட்டவர்கள் அன்று கொடுத்த விலையைத்தான், சில்வர் ஓக்கை மரத்துக்காக ஒரே மூச்சில் வெட்டி விற்கும் சிலர் இன்றும் கொடுக்கிறார்கள். அப்படி வெட்டிய இடத்தில் திடீரென்று திறந்துகொண்ட வெயில் திட்டில்தான் பெரும்பாலும் பாதிப்பு தொடங்குகிறது.

காய்த் துளைப்பான் வேறு உலகத்தைச் சேர்ந்தது. ஹைப்போதெனிமஸ் ஹாம்பெய் என்பது இதன் பெயர். பெண் வண்டின் நீளம் இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஆண் அதைவிடவும் சிறியது. கரும்புள்ளி ஒன்று நகர்கிறது என்று மட்டுமே கண்ணுக்குத் தெரியும். தண்டைப் பற்றி இதற்குக் கவலையே இல்லை, இலையையும் தொடாது. காயின் நுனியில், பூ உதிர்ந்த தொப்புள் பகுதியில், ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு வட்டத் துளை போட்டு உள்ளே போய், கொட்டையைக் குடைந்து, அங்கேயே முட்டையிட்டுக் குடும்பம் நடத்துகிறது. இதற்கு ஈரமும் அடர்ந்த நிழலும் ஒத்துப்போகும். காற்றும் வெளிச்சமும் புகாத தோட்டத்தில், காய்ந்து உதிர்ந்த காய்கூட ஈரம் குறையாமல் கிடப்பதால், ஒரு பருவத்திலிருந்து அடுத்த பருவம் வரை வண்டு அதற்குள்ளேயே காலம் தள்ளிவிடும்.

இனி உங்கள் உறவினர்கள் ஏன் அப்படிப் பேசினார்கள் என்பது விளங்கும். ஏற்காட்டுப் பக்கம் காலம் காலமாக அராபிகா நாடு. தண்டு துளைப்பான் அராபிகாவைக் கொல்லும். மற்றொரு காபி வகையான ரொபஸ்டாவில் அதன் புழு பிழைப்பது அரிது. எனவே ரொபஸ்டா மிகுந்த கூடலூரில் தோட்டம் பார்த்தவருக்குத் தண்டு துளைப்பான் கேள்விப்பட்ட பெயராக மட்டுமே இருந்திருக்கலாம். மறுபுறம், காய்த் துளைப்பான் இந்தியாவில் முதன்முதலாக 1990இல் கண்டறியப்பட்டது கூடலூர்ப் பகுதியில்தான். அவரவர் பட்ட பாடு அவரவர் வாயில் வந்திருக்கிறது.

நீங்கள் வைத்திருப்பது அராபிகா. ஆகவே என் கருத்தில், தண்டு துளைப்பானுக்கே முதலிடம் கொடுத்து மாமாவின் பக்கம் சாய்வது நல்லது. காய்த் துளைப்பான் ஒரு பருவத்தின் விளைச்சலைக் கெடுக்கும். தண்டு துளைப்பான் செடியையே கொண்டுபோய்விடும். செடி போனால் மறுநட்டுக் காய் பார்க்க மூன்று நான்கு ஆண்டுகள் ஆகும். ஆனால் நிழலில் கையே வைக்கக் கூடாது என்பதும் இல்லை. நண்பகலில் தோட்டத்துக்குள் நின்று தண்டுகளைப் பாருங்கள். வெயில் பொட்டுப்பொட்டாக விழுந்து நகர்ந்துகொண்டே இருந்தால் நிழல் அளவாக இருக்கிறது. தண்டின் ஒரு பக்கம் நெடுநேரம் வெயில் நிலைத்து நின்றால் அந்த இடத்தில் கல்யாண முருங்கை போன்ற விரைவில் தழைக்கும் மரத்தை நட்டு ஓட்டையை அடையுங்கள். வெயில் துளியும் விழாமல் தரை ஈரமாகவே கிடந்தால் அங்கு மட்டும் கிளைகளைக் கழிக்கலாம். அதையும் கோடைப் பறப்பு முடிந்து மழை பிடித்த பிறகு செய்ய வேண்டும். மார்ச் மாதத்தில் ஆள் கிடைக்கிறார்கள் என்பதற்காகத் தோட்டம் முழுவதையும் ஒரே வாரத்தில் கழித்துவிடுவது, ஏப்ரலில் பறக்கப்போகும் வண்டுக்கு நாமே பந்தல் போட்டுக் கொடுப்பதற்குச் சமம்.

காய்த் துளைப்பானுக்கு நிழலைக் குறைப்பதைவிடப் பறிப்பைச் சுத்தமாகச் செய்வதே பெரிய மருந்து. பழுத்ததைக் காலத்தில் பறிப்பது, பறிக்கும்போது செடியின் அடியில் சாக்கோ பாயோ விரிப்பது, கடைசிச் சுற்றில் செடியில் ஒரு காயும் விடாமல் எடுப்பது, தரையில் உதிர்ந்ததைப் பொறுக்குவது ஆகிய இவையே அந்த மருந்து. கூலி கட்டுபடியாகாது என்று உதிர்ந்த காயை விட்டுவிடுகிறவர்கள் அடுத்த பருவத்துக்கான வண்டைத் தாமே வளர்க்கிறார்கள். கோடை மழை பெய்து காற்றில் ஈரம் ஏறியதும், காய்ந்த அந்தக் காய்களுக்குள் காத்திருந்த பெண் வண்டுகள் வெளியே வந்து புதுக் காய்களைத் தேடத் தொடங்கும். துளை விழுந்த காய்கள் கிடைத்தால் கொதிக்கும் நீரில் இரண்டு மூன்று நிமிடம் முக்கி எடுத்தபின் உலர்த்துங்கள். உள்ளே இருப்பது அத்தனையும் செத்துவிடும்.

கேள்வி: எங்கள் தோட்டத்தில் இலை பசுமையாக, காய் பிடித்து நிற்கும் செடிகளைக்கூடத் “தண்டில் புழு இருக்கிறது, பிடுங்கி எரி” என்கிறார்கள். மருந்து ஊற்றிப் பார்க்கக் கூடாதா? பச்சைச் செடியைப் பிடுங்க மனம் வரவில்லை.
— ஒரு வாசகி, செம்மநத்தம்

பதில்: மனம் வராததில் வியப்பில்லை, அம்மா. ஆனால் அந்தச் செடியைப் பிளந்து பார்த்தால் தயக்கம் குறையும்.

தண்டு துளைப்பானின் முட்டை பொரிய எட்டுப் பத்து நாள் ஆகும். வெளிவரும் புழு முதல் இரண்டு மாதம் வரை பட்டைக்கு அடியிலேயே அரித்துக்கொண்டு போகும். அந்தக் காலத்தில் தண்டின் மேல் விரலை ஓட்டினால், பட்டை வரிவரியாகப் புடைத்திருப்பது தட்டுப்படும். அந்த மேடுதான் வெளியில் தெரியும் முக்கியமான அடையாளம். அதன் பிறகு புழு தண்டின் உள்ளே உள்ள கெட்டியான கட்டைக்குள் இறங்கிவிடும். பிளந்த தண்டில் பார்த்தால், சுரங்கங்கள் ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடுகின்றன. ஆனால் ஒரு சுரங்கமும் காலியாக இல்லை. புழு தான் மென்று கழித்த மரத்தூளைப் பின்னாலேயே அடைத்துக்கொண்டு போகிறது. அந்தத் தூள் இறுகிக் கட்டையோடு கட்டையாக இருப்பதால், நகத்தால் சுரண்டி எடுத்தால்தான் அங்கே ஒரு வழி இருந்ததே தெரியும். அடைப்பின் முனையில் தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் குறுகிய வெளிர்மஞ்சள் புழு ஒன்று இருக்கும். நீங்கள் ஊற்றும் மருந்து இந்த அடைப்பைத் தாண்டி அதனிடம் போய்ச் சேர வழியில்லை. தென்னையில் போல வெளியே தூள் தள்ளும் ஓட்டையும் இங்கு இல்லை. வட்டமான ஓட்டை ஒன்று தண்டில் தெரிகிறது என்றால், உள்ளே இருந்தது வண்டாகி வெளியே போய்விட்டது என்று பொருள்.

புழுப் பருவம் ஒன்பது பத்து மாதம் நீடிக்கும். அத்தனை நாளும் செடி பசுமையாகவே நிற்கலாம். ஏழெட்டு வயதுக்கு உட்பட்ட இளஞ்செடி ஓராண்டுக்குள் வாடி விழுந்துவிடும். முதிர்ந்த செடி மேலும் சில பருவங்கள் தாக்குப்பிடித்து, இலை மஞ்சளாகி, தண்ணீரில் போட்டால் மிதக்கிற சப்பைக் காய்களைக் கொடுத்துக்கொண்டிருக்கும். அதை வைத்துக்கொண்டிருப்பதால் கிடைக்கும் காய் கொஞ்சம். அதிலிருந்து கிளம்பும் வண்டுகளால் பக்கத்துச் செடிகளுக்கு நேரும் நட்டம் அதிகம்.

ஆகவே பறப்புத் தொடங்கும் முன், மார்ச்சிலும் செப்டம்பரிலும், தோட்டம் முழுவதையும் நடந்து, செடிக்குச் செடி தண்டைத் தடவிப் பார்த்து, புடைப்புள்ளவற்றை அடையாளம் இடுங்கள். இலையை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் ஏமாந்துவிடுவீர்கள். தாக்குண்ட பகுதிக்குக் கீழே வரை வெட்டி எடுங்கள். வேர் வரை புழு இறங்கியிருந்தால் பிடுங்கிவிடுவதே வழி. எடுத்ததை உடனே எரிக்க வேண்டும். விறகாகும் என்று அடுப்பங்கரைக்குப் பின்னால் அடுக்கிவைக்கும் வழக்கம் மலையில் பல வீடுகளில் உண்டு. வெட்டிய தண்டுக்குள்ளும் புழு வளர்ந்துகொண்டேதான் இருக்கும். வேளை வந்தால் அந்த விறகுக் குவியலிலிருந்தே வண்டு பறந்து தோட்டத்துக்குத் திரும்பும்.

மிச்சமுள்ள நல்ல செடிகளுக்கு, பறப்பு தொடங்கும் தறுவாயில் தண்டின் காய்ந்த செதில் பட்டையைத் தேங்காய் மட்டையாலோ நார்க் கையுறையாலோ தேய்த்து எடுக்கலாம். இடுக்கு இல்லாத வழுவழுப்பான தண்டில் வண்டுக்கு முட்டை செருக இடம் இருக்காது; ஏற்கெனவே இட்டிருந்த முட்டையும் உதிர்ந்துவிடும். கத்தி, சுரண்டி எதுவும் கூடாது; பச்சைப் பட்டையில் காயம் பட்டால் அது வேறு தொல்லை. இதோடு 200 லிட்டர் தண்ணீருக்கு 20 கிலோ சுண்ணாம்பு என்ற கணக்கில் கரைத்து, தண்டிலும் தடித்த கிளைகளிலும் அடிப்பது நல்ல பலன் தரும். முன்பெல்லாம் தண்டில் அடித்துவந்த லிண்டேன் இப்போது இந்தியாவில் தடை செய்யப்பட்ட மருந்து. பழைய டப்பா எங்காவது மீந்திருந்தாலும் எடுக்காதீர்கள். இன்று எந்த மருந்துக்கு அனுமதி உண்டு என்பதைக் காபி வாரியத்தின் விரிவாக்க அலுவலரிடம் கேட்டே முடிவு செய்யுங்கள். மருந்துக் கடையில் கேட்டு முடிவு செய்ய வேண்டாம்.

கேள்வி: நான் சேலத்தில் விலங்கியல் படிக்கிறேன். இந்த இரண்டு வண்டுகளும் ஒரே செடியை உண்பதால் நெருங்கிய உறவு உடையவையா? காபிக் கொட்டையில் உள்ள காஃபீன் பூச்சிகளுக்கு நஞ்சு என்று படித்திருக்கிறேன். அப்படியானால் காய்த் துளைப்பான் எப்படி உயிரோடு இருக்கிறது?
— ஒரு மாணவி, சேலம்

பதில்: வண்டினத்தில் பெயரிடப்பட்டவை மட்டுமே சுமார் நான்கு லட்சம். அவ்வளவு பெரிய கூட்டத்தில் இரண்டு இனங்கள் ஒரே செடியில் சந்தித்துக்கொள்வது உறவுக்கு அடையாளம் ஆகாது. தண்டு துளைப்பான், முன்பே சொன்னபடி, நீள்கொம்பு வண்டுக் குடும்பம். செத்ததும் சாகப்போவதுமான மரக்கட்டைகளைத் தின்று வளரும் பெரிய வண்டுகள் பலவும் இக்குடும்பத்தில்தான் உள்ளன. காய்த் துளைப்பானோ கூன்வண்டுக் குடும்பத்தின் ஒரு கிளையான பட்டை வண்டுகளைச் சேர்ந்தது. மாங்கொட்டைக்குள் இருக்கும் கூன்வண்டைச் சேலத்தில் வளர்ந்தவர்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். காய்த் துளைப்பானுக்கு, அதே காபிச் செடியில் வாழும் தண்டு துளைப்பானைவிட அந்த மாங்கொட்டை வண்டே நெருங்கிய சொந்தம்.

இரண்டும் காபிக்கு வந்து சேர்ந்த கதையும் வேறுவேறு. காபிச் செடி ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன் காலத்தில், 1820களில், சேர்வராயன் மலையில் அது பரவத் தொடங்கியது. தண்டு துளைப்பான் ஆசியப் பூச்சி. இங்குள்ள காட்டு மரங்களில் வாழ்ந்துகொண்டிருந்தது, கடல் கடந்து வந்த புதுச் செடியைக் கண்டு அதற்கு மாறிக்கொண்டது. காய்த் துளைப்பான் காபியைப் போலவே ஆப்பிரிக்காவில் பிறந்தது. செடி இங்கே வந்து நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் அதன் சொந்தப் பகையை விட்டு விலகி இருந்திருக்கிறது. 1913 வாக்கில் பிரேசிலுக்குள் புகுந்த அந்த வண்டு, நம்மிடம் வந்து சேர 1990 ஆயிற்று. இந்த வரலாறு எனக்கு இன்றும் ஆச்சரியம் தருகிறது: வந்த இடத்தில் உள்ளூர் எதிரி முதலில் பிடித்துக்கொண்டது, பிறந்த ஊர் எதிரி பின்னால் தேடிக்கொண்டு வந்தது.

காஃபீன் பற்றிய கேள்வி அருமையான கேள்வி. காபிக் கொட்டையை மட்டுமே தின்று தலைமுறை தலைமுறையாக வாழக்கூடிய பூச்சி இது ஒன்றுதான். அந்த வல்லமை வண்டினுடையது அல்ல. அதன் குடலில் வாழும் பாக்டீரியாக்களுடையது. 2015இல் வெளியான ஆய்வில், சூடோமோனாஸ் ஃபுல்வா என்ற பாக்டீரியா குடலுக்குள் காஃபீனைச் சிதைத்துவிடுவது காட்டப்பட்டது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்தை வண்டுக்குக் கொடுத்தபோது, காஃபீன் சிதையாமல் எச்சத்தோடு வெளியே வந்தது. வண்டின் இனப்பெருக்கமும் சரிந்தது. இதற்கு முன்பே, 2012இல், இன்னொரு வியப்பு வெளிவந்திருந்தது. கொட்டையில் உள்ள ஒருவகை மாவுப்பொருளைச் செரிக்க உதவும் மரபணு ஒன்றை இந்த வண்டு பாக்டீரியாவிடமிருந்து பெற்றுத் தன் மரபணுத் தொகுதியிலேயே சேர்த்துக்கொண்டிருக்கிறது. தண்டு துளைப்பானுக்கு இந்த நஞ்சுப் பிரச்சினை இவ்வளவு கடுமையாக இல்லை. அது கொட்டைப் பக்கமே போவதில்லை.

குடும்ப வாழ்க்கையிலும் இரண்டும் இரு துருவம். தண்டு துளைப்பானில் ஆணும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே போலப் பறந்து, வெயிலில் சந்தித்து இணைகின்றன. பெண் சற்றுப் பெரியது. ஆணின் நெற்றியில் கறுத்த மேடுகள் இருக்கும், பெண்ணுக்கு இருக்காது. தாய் முட்டையிட்டதோடு கடமை முடிந்தது. பிள்ளைகள் தனித்தனியே மரத்தில் வழி தேடிக்கொள்கின்றன. ஒரு தலைமுறை முடிய ஏறத்தாழ ஓராண்டு ஆகும். காய்த் துளைப்பானில் ஒரே தாயின் பிள்ளைகள் ஒரே கொட்டைக்குள் கூட்டுக்குடும்பமாகப் பிறக்கின்றன. பத்துப் பெண்ணுக்கு ஓர் ஆண் என்ற விகிதம். ஆணுக்கு இறக்கை குன்றியிருப்பதால் பறக்காது. பிறந்த காயை விட்டு அநேகமாக வெளியே வருவதில்லை. உடன்பிறந்த பெண்களோடு உள்ளேயே இணைந்துவிட்டு அங்கேயே மடிகிறது. அந்த ஆண், தந்தையிடமிருந்து பெற்ற மரபணுக்களை அடுத்த தலைமுறைக்குக் கடத்துவதும் இல்லை. தாய் வழியில் வந்தது மட்டுமே செல்லும். ஏற்கெனவே கருவுற்ற நிலையில்தான் பெண் வண்டு காயை விட்டுப் பறக்கிறது என்பதால், ஒரே ஒரு பெண் வண்டு ஒரு மூட்டையோடு ஊர் மாறினாலும் புதிய இடத்தில் குலம் தழைத்துவிடும். கண்டம் விட்டுக் கண்டம் பரவியதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பம் சாதகமாக, 27 டிகிரி அளவில், இருந்தால் ஒரு தலைமுறை ஒரு மாதத்தில் முடிந்துவிடும். 15 டிகிரிக்குக் கீழே வளர்ச்சி நின்றுபோகும். உயரமான, குளிர்ந்த தோட்டங்களில் இது மெதுவாகப் பெருகுவதும், தாழ்ந்த சரிவுகளில் வேகம் எடுப்பதும் இதனால்தான். வெப்பம் கூடிக்கொண்டே போகும் காலத்தில் மேட்டுத் தோட்டத்துக்காரர்களும் இதை அலட்சியம் செய்ய இடமில்லை.

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வறுக்காத காபிக் கொட்டை வாங்கி வீட்டில் வறுத்து அரைப்பது எங்கள் வழக்கம். இந்த முறை சில கொட்டைகளில் சிறிய துளைகள் இருந்தன. குடிக்கலாமா?
— ஒரு வாசகர், அம்மாப்பேட்டை, சேலம்

பதில்: விளிம்பு சுத்தமாக, ஒரு மில்லிமீட்டர் அளவில் உள்ள துளை காய்த் துளைப்பான் போட்டது. அங்கொன்றும் இங்கொன்றும் என்றால் உடல்நலத்துக்கு அஞ்ச வேண்டியதில்லை. 200 டிகிரிக்கு வறுபடும் கொட்டையில் எதுவும் உயிரோடு மிஞ்சாது. ஆனால் குடையப்பட்ட கொட்டை எடை குறைந்தது, பூஞ்சை ஏற இடம் கொடுப்பது, வறுக்கும்போது சீக்கிரம் கருகுவது. கைப்பிடி அள்ளினால் பாதி துளையாக இருக்கிறதென்றால் அது சுவைக்கும் ஆகாது, கொடுத்த காசுக்கும் ஆகாது, திருப்பிக் கொடுங்கள். உரிய ஈரப்பத அளவுக்கு, அதாவது பழத்தோல் நீக்கி உள்தோலோடு உலர்த்தும் அராபிகா ‘பார்ச்மென்ட்’ என்றால் 10 சதவீதத்துக்கு, உலர்த்திய கொட்டையில் இந்த வண்டு பெருகாது. வீட்டில் டப்பாவில் வைத்த பிறகு புதிதாகத் துளைகளும் தூளும் சேர்கின்றன என்றால், அது பெரும்பாலும் இருப்பில் உள்ள தானியங்களையும் மஞ்சளையும் அரிக்கும் வேறொரு வண்டின் வேலை. காற்றுப் புகாத பாத்திரமும் உலர்ந்த இடமும் போதும்.

கேள்வி: காபிக்கு நடுவே உள்ள மிளகுக்கும் கமலா ஆரஞ்சுக்கும் இந்த வண்டுகள் பரவுமா?
— ஒரு வாசகர், மஞ்சக்குட்டை

பதில்: காய்த் துளைப்பானுக்குக் காபியை விட்டால் பெருக வேறு இடம் இல்லை. தண்டு துளைப்பானைச் சில காட்டு மரங்களில் பதிவு செய்திருக்கிறார்கள். மிளகுக்கு அதனால் தொல்லை இல்லை. ஆரஞ்சு மரத்தின் தண்டில் துளை கண்டால் அது நீள்கொம்புக் குடும்பத்தின் வேறு உறுப்பினராக இருக்கக்கூடும். அதற்குத் தனியே தோட்டக்கலை அலுவலரைக் கேளுங்கள்.

கேள்வி: தண்டு துளைப்பானுக்கு என்று இனக்கவர்ச்சிப் பொறி வாங்கி வைத்தேன். அதில் காய்த் துளைப்பான் ஒன்றுகூட விழவில்லை. பொறி பழுதா? ஒரே பொறியால் இரண்டையும் பிடிக்க முடியாதா?
— ஒரு வாசகர், வாழவந்தி

பதில்: பொறி பழுதில்லை. தண்டு துளைப்பானில் வாசனை விட்டு அழைப்பது ஆண். அதை நாடி வருவது பெண். ஆண் வண்டு வெளியிடும் அந்த வாசனைப் பொருளைச் செயற்கையாகத் தயாரித்துப் பொறியில் வைக்கிறார்கள். பறப்புப் பருவத்தில் மட்டுமே அதற்கு வேலை. ஜூலையில் மாட்டினால் காற்றில் ஆடிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். மேலும் ஒன்றை நினைவில் வையுங்கள்: பொறியில் விழும் பெண் வண்டு, விழும் முன்பே எங்காவது முட்டையிட்டிருக்கலாம். எனவே பொறியை மட்டும் நம்பித் தண்டு தடவிப் பார்ப்பதை விட்டுவிடக் கூடாது. எந்த வாரத்தில் வண்டு பறக்கத் தொடங்கியது என்று தெரிந்துகொள்ளப் பொறி நன்றாக உதவும்; சுண்ணாம்பு அடிப்பதையும் பட்டை தேய்ப்பதையும் அதற்கேற்ப ஓரிரு வாரம் முன்பின்னாகத் திட்டமிடலாம்.

காய்த் துளைப்பானின் பெண் ஏற்கெனவே இணைந்துதான் பறக்கிறது. ஆணின் அழைப்பு அதற்குத் தேவையில்லை. அது தேடுவது காயின் வாசனையை. அதனால் அதற்கான பொறியில் மெத்தனாலும் எத்தனாலும் கலந்த திரவத்தைச் சிறு குப்பியில் ஊற்றி ஆவியாக விடுகிறார்கள். பழுத்த காயின் நிறமான சிவப்பில் பொறி இருந்தால் வண்டு கூடுதலாக வரும். பறித்து முடித்த பிறகு, அடுத்த காய் முதிர்வதற்கு முன், தோட்டத்தில் வேறு காய் இல்லாத இடைவெளியில் மாட்டினால் அது நன்றாகப் பிடிக்கும். செடி நிறையப் பழம் தொங்கும்போது வைத்தால், நூறு கடைக்கு நடுவே நூற்றோராவது கடையாகிப் போகும். காய் உலர்த்தும் களத்துக்கும் கொட்டை வைக்கும் கிடங்குக்கும் அருகில் ஒன்றிரண்டு மாட்டுவது தவறாமல் செய்ய வேண்டியது. பறித்து வந்த காயிலிருந்து தப்பிக்கும் வண்டு முதலில் கிளம்புவது அங்கிருந்துதான்.

அந்தத் திரவத்தில் உள்ள மெத்தனால் கொடிய நஞ்சு. சிறிதளவு உள்ளே போனாலும் கண் பார்வை போகும், உயிரும் போகலாம். சாராய வாசனை அடிப்பதால் தெரியாதவர்கள் குடித்துவிடும் ஆபத்து உண்டு. கலவையைத் தண்ணீர் பாட்டிலிலோ மதுபான பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். ‘விஷம்’ என்று எழுதி ஒட்டி, வீட்டுக்கு வெளியே பூட்டுள்ள இடத்தில் வையுங்கள். பொறியில் ஊற்றும் வேலையை விவரம் தெரிந்த ஒருவரிடம் மட்டும் ஒப்படையுங்கள்.